துரை பங்களாவில் நான் சுட்ட ரொட்டி

கேமரன் மலையில் முட்டை ரொட்டி சுடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு, அதாவது தோட்ட மேனேஜர் வீட்டுக்கு, தலைமைச் சமையல்காரன் ஆனேன். சமையலறையில் மொத்தம் இரண்டே பேர், நானும் லெட்சுமியும். அதனால் தலைமைக்குப் போட்டி இல்லை.

போன வருடம் புதிதாக வந்த துரை கோலாலம்பூர்த் தமிழர், இளவயது. முதல் வாரமே கூப்பிட்டுச் சொன்னார்:

"அங்கிள், வெள்ளிக்கிழமை கெஸ்ட் வர்றாங்க. மறுநாள் பிரேக்ஃபாஸ்ட் நல்லா இருந்தா கிச்சன் இருக்கும். இல்லாட்டி டவுன்ல கேட்டரிங் எடுத்துக்குவேன்."

லெட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். எனக்குப் பயமே இல்லை. அறிவு இருந்தால்தானே பயம் வரும்.

சனிக்கிழமை காலை, மழையில் பாதையில் மண் சரிந்து, அடிவாரத்துத் தாப்பா டவுனிலிருந்து சாமான் லோரி வரவில்லை. இருந்தது பழைய ரொட்டி, முட்டை, பிரிட்ஜில் மிச்சம் வைத்த இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒன்றில் உருளைக்கிழங்குப் பிரட்டல். அதை ரொட்டிக்குள் வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு அடித்த முட்டையில் தோய்த்துச் சுட்டால் எந்த ஓட்டலும் முன்னால் நிற்காது.

கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். முட்டை தொட்ட கையால் எதையும் ருசி பார்க்கமாட்டேன். ஜலதோஷத்தில் மூக்கும் அடைப்பு.

லெட்சுமி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, எந்த டப்பாவ எடுத்தீங்க? காட்டுங்க."

"முப்பது வருசமா இந்த அடுப்புல நிக்கிறேன். நீ டீ ஊத்து லா."

பூசும்போது முந்திரிப்பருப்பு ஒன்று தட்டுப்பட்டது. பிரட்டலை ஆடம்பரமாகச் செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாண்ட்விச் சூடாக மேசைக்குப் போனது. பாராட்டு வாங்கக் கதவோரம் நின்றேன். விருந்தாளி அம்மா ஒருவர் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"அங்கிள், உள்ள கேசரி... வெளிய பச்சை மிளகாயா?"

அது இன்னொரு டப்பாவில் இருந்த கோயில் பிரசாதம்! மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பிரட்டல் என்று எடுத்துவிட்டேன். காப்புக் கட்டிய கையாலேயே அதை முட்டையில் முக்கியிருக்கிறேன். வேலையும் போச்சு, புண்ணியமும் போச்சு என்று உள்ளே ஓடினேன். லெட்சுமி அதற்குள் அடுத்த டப்பாவைத் திறந்து, மிச்ச ரொட்டியில் பிரட்டலை வைத்துச் சுட ஆரம்பித்திருந்தாள்.

"தள்ளுங்கண்ணே, அப்புறம் அழுவலாம்."

அந்தத் தட்டு காலியாகித் திரும்பியது. பின்னாலேயே துரையும் வந்தார்.

"கிச்சன் இருக்கட்டும். நாளையில இருந்து அக்காதான் ஹெட். நீங்க அவங்க சொல்றத செய்யுங்க அங்கிள்."

பூசாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "ஆத்தா மன்னிச்சிடுவா. லெட்சுமிகிட்ட கேட்டியா?" என்றார். திரும்பி வந்து கேட்டேன். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்ண்ணே, வெங்காயத்த உரிங்க" என்றாள்.

அடுப்பு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மூக்கு அடைத்து, நாக்குக்கும் தடை இருக்கிற நாளில் காதையாவது திறந்து வையுங்கள். நான் அன்று வாயை மட்டும்தான் திறந்து வைத்திருந்தேன்.