மின்விசிறி ஓடாத அறையில் எஸ்தர்

வார்டில் தொலைபேசி அடித்தபோது காலை மருந்து கொடுத்து முடித்திருந்தேன். சத்துவாச்சாரி வீட்டிலிருந்து எஸ்தரின் அண்ணன் பேசினார். "எஸ்தர் எறந்துட்டாம்மா. குளிச்சிட்டு வந்தவ அப்படியே விழுந்துட்டா. மூளையில ரத்தக்கசிவுன்றாங்க."

"இன்னைக்கு மத்தியானம் அவளுக்கு டியூட்டி இருக்கேண்ணா" என்றேன். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. இந்த வார்டில் அவளோடு வேலை செய்த உங்களுக்கும் இன்னும் நம்ப முடியவில்லை என்று நினைக்கிறேன். டியூட்டி சார்ட்டில் அவள் பெயரை இன்னும் யாரும் அடித்து நீக்கவில்லை.

நர்சிங் கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. நோயாளி ஒரு திறந்த அமைப்பு, உடல், மனம், குடும்பம், தொழில், சுற்றுப்புறம் எல்லாம் ஒன்றையொன்று ஓயாமல் பாதிக்கின்றன என்று ஒரு கோட்பாடு படித்தோம். தேர்வில் அதை வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து மதிப்பெண் வாங்கினோம். எனக்கு அது அழகான கருத்து. எஸ்தருக்கு அது வேலை. "கட்டில்ல படுத்திருக்கறது பாதி ஆளுதான்டி. மீதி வீட்ல இருக்கு" என்பாள்.

ஆம்பூரில் எங்கள் வார்டுக்கு நசீமா மூச்சுத்திணறலோடு வந்தாள். ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் வேலை. தேறியதும், "கம்பெனிக்குப் போகாதீங்க, வீட்லயே ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பினோம். மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் மோசமாகத் திரும்பி வந்தாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாள் என்று பேசிக்கொண்டோம். மறுபடி இப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் அவள் கணவர் ரஃபீக்கிடம் சொல்லிவிட்டார்.

எஸ்தர் அவரைத் தனியே நிறுத்திக் கேட்டாள். "பாய், வீட்ல அவங்க நாள் முழுக்க இன்னா பண்றாங்க?"

"சும்மாதான் இருக்கா சிஸ்டர். கம்பெனிலேர்ந்து வாங்கியாந்து உக்காந்த எடத்துலயே ஷூ தோல் ஒட்டுவா. வேல ஜாஸ்தி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. நசீமா இன்னும் வார்டில் இருந்ததால், அவளுக்குப் பதிலாக ரஃபீக் தரையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார். காற்றடித்தால் பசை சீக்கிரம் காய்ந்து தோல் பிடிக்காது. தூசி பட்டால் கம்பெனி மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். பசை வாடையில் எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் சொன்ன ஓய்வுதான் நசீமாவை இந்த அறைக்குள் உட்கார வைத்திருக்கிறது என்று புரிந்தது.

எஸ்தர் திட்டவில்லை. "பாய், ஒட்ற வேலைய நீங்க மொட்ட மாடியில வெச்சிக்கினா ஆவாதா? அவங்க கீழ தோல் தையல மட்டும் பாக்கட்டும்."

"மாடியில தூசி சிஸ்டர்."

"கொசுவலை கட்டிக்கோங்க. காத்து வர்றதுக்குள்ள, விடியகாலையில ஒட்டிடுங்க."

"கொசுவலைக்குள்ள உக்காந்து ஷூ ஒட்னா தெருவே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். அவங்களுக்கு மூச்சு இருக்கு, சிரிக்கறாங்க."

ரஃபீக்கும் சிரித்துவிட்டார். பிறகு நசீமா வழக்கமாக உட்காரும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாரமே வலை கட்டினார். நசீமா அதன்பின் எங்கள் வார்டுக்கு நோயாளியாக வரவில்லை.

எஸ்தரின் அடக்கத்தன்று நசீமா கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். மேட்டில் ஏறி வந்தும் அவளுக்கு இரைக்கவில்லை, பழக்கத்தில் கவனித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்தாங்களே சிஸ்டர், அவங்க வீட்டுக்குள்ள யாரு வந்து பாத்தது?"

எஸ்தருக்குத் தலைவலி இருந்ததா, ரத்த அழுத்தம் இருந்ததா? எனக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தினமும் எத்தனையோ பேரின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிற இடம் இது.

மறுநாள் வேலைக்கு வந்தேன். எனக்கு முன் டியூட்டியில் இருந்த பெண் வழக்கம்போல ஒவ்வொரு கட்டில் நோயாளியைப் பற்றியும் சொல்லி வார்டை ஒப்படைக்கத் தொடங்கினாள். "அது இருக்கட்டும். நீ எப்படி இருக்கே?" என்று கேட்டேன். எஸ்தரிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தக் கேள்விதான். அந்தப் பெண் திகைத்து விழித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.