அண்ணன் வாடகைக்கு விட்ட என் கணக்கு

ஏரிக்கரை அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் மல்லிகாவின் வணக்கம். ஊரை ஏமாற்றியவள் என்று என் பெயரில் ஒரு வழக்கு வந்தது. அதிலிருந்து நம் தாய் என்னை எப்படி வெளியே எடுத்தாள் என்பதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் அக்காமார்கள் கேட்டபோதெல்லாம் வாய் வரவில்லை. சொல்லப்போவது என் கூடப் பிறந்தவனைப் பற்றி. அதனால்தான்.

நான் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் இறந்த பிறகு போனவள். பிள்ளைகள் இல்லை. போன ஆடி மாதம், வார்டில் மதிய வேலையில் இருந்தபோது போன் வந்தது. இந்தியாவிலிருந்து, வேறு மாநிலத்துப் போலீஸ் என்று ஒருவர் இங்கிலீஷில் பேசினார். என் வங்கிக் கணக்கில் ஏமாற்றிப் பறித்த பணம் வந்து போயிருக்கிறதாம். விசாரணைக்கு வர வேண்டுமாம். இப்படி மிரட்டிக் காசு பறிப்பவர்களைப் பற்றித் தினமும் செய்தியில் பார்க்கிறோமே, அதுதான் என்று நினைத்து கட் செய்துவிட்டேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்குப் போன் செய்தேன். மேனேஜர் ஒரு பெண். என் விவரங்களை எல்லாம் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, "மேடம், உங்க அக்கவுண்ட்ட போலீஸ் சொல்லி முடக்கி வச்சிருக்கோம். உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் வீட்டு வாடகை மட்டும்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். செம்பாக்கத்தில் அப்பா எனக்கென்று ஒரு சின்ன வீடு எழுதி வைத்திருந்தார். அதை வாடகைக்கு விட்டிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, அதற்கென்று தனிக் கணக்கு தொடங்க வேண்டும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். லீவு போட்டு ஊருக்கு வந்து தொடங்கலாம் என்று இருந்தேன். அண்ணன் ரவிதான் தடுத்தான்.

"இதுக்காவ டிக்கெட் போட்டு வருவியா? நீ அங்கேருந்தே கையெழுத்து போட்டு அனுப்பு. மத்தத நான் பாத்துக்கறேன். நான் இன்னாத்துக்கு கீறேன்?" என்றான்.

பாஸ்போர்ட் நகலில் தூதரகத்தின் முத்திரை வாங்கி கூரியரில் அனுப்பினேன். வெளிநாட்டு நம்பருக்கு வங்கியின் ரகசிய எண் சரியாக வராது, என் நம்பரையே கொடுத்துவிடுகிறேன் என்றான். சரி என்றேன். ஏடிஎம் கார்டும் செக் புத்தகமும் வீட்டு முகவரிக்கு வந்தன. பத்திரமாக வை என்றேன். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்பா போன பிறகு எனக்காக ஒருத்தன் அலைகிறானே என்று ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து கண் கலங்கினேன்.

போலீஸ் விஷயத்தைச் சொன்னதும் ரவி சிரித்தான். "பேங்க்காரன் ஏதோ தப்பு பண்ணிகினு இருப்பான். நீ பேஜார் ஆவாத." அதோடு சரி. மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் படித்ததற்கான நீலக் குறி விழும். பதில் வராது. அந்த நீலக் குறியைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. புரிந்ததை நம்புவதற்கு மனம் இல்லை.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். விமானத்தில் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கி பாஸ்போர்ட்டை நீட்டும்போது, இங்கேயே பிடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். அம்மா தாயே, அம்மா தாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அதிகாரி திரையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

வீட்டில் ரவி இல்லை. "வேலயா போயிருக்கான்" என்றார் என் அம்மா. அவன் மனைவி சுமதி அண்ணி என்னைப் பார்த்து வா என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டார். எங்களுக்குள் எப்போதும் அவ்வளவாகப் பேச்சு கிடையாது. ஊருக்கு வரும்போது நான் கொண்டு வரும் வாசனைத் திரவியமும் பேரீச்சம்பழமும்தான் எங்கள் உறவு.

நான் என் அம்மாவிடம் நேராகக் கேட்டேன். "அவன் என்னதான் பண்ணான்? உனக்குத் தெரியுமா?"

என் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திருமுடிவாக்கத்தில் ரவி நடத்திவந்த லேத் பட்டறை மூடிப்போன பிறகு யாரோ சினேகிதன் வழி காட்டினானாம். சும்மா கிடக்கும் வங்கிக் கணக்கைக் கொடுத்தால் மாதாமாதம் வாடகை தருவார்களாம். பணம் வரும், போகும், நாம் எதுவும் செய்ய வேண்டாமாம். என் கார்டையும் வங்கியில் கொடுத்திருந்த தன் நம்பரின் சிம்மையும் கொடுத்துவிட்டான். என் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் மஸ்கட்டிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் சாப்டியா, தூங்கினியா என்று கேட்டுக்கொண்டிருந்தாரே, அப்போதே தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

"மல்லி, நீ அந்த ஊர்ல கீற. உன்ன யாரு இன்னா பண்ணப் போறாங்க? அவன் பொண்டாட்டி புள்ளைங்களோட கீறவன். அவன் உள்ள போனா இந்த வூடு இன்னாத்துக்கு ஆவும்? தெரியாம நான்தான் கார்ட குடுத்துட்டேன்னு நீயே சொல்லிடும்மா. உனக்குன்னு யார் கீறாங்க, தலை குனியறதுக்கு?"

உனக்குன்னு யார் கீறாங்க. பெற்றவள் கேட்டாள் இதை. கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், அதனால் பழியைச் சுமக்க வசதியானவள். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் வங்கிக்குப் போனேன். மேனேஜர் மேடம் பொறுமையாக எல்லாம் கேட்டார். தாம்பரத்தில் ஏடிஎம்மில் பணம் எடுத்த நாட்களில் நீங்கள் இந்தியாவிலேயே இல்லை என்பதை பாஸ்போர்ட் சொல்லிவிடும் என்றார். "ஆனா மேடம், கார்ட நீங்களே தெரிஞ்சு குடுத்தீங்களான்னு கேப்பாங்க. நீங்க குடுக்கலைன்னு உங்க வீட்டு ஆளுங்க யாராவது சொன்னாத்தான் உங்களுக்கு நல்லது." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். என் வீட்டு ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொன்னார். பணத்தை இழந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியாராம். வாழ்நாள் சேமிப்பு முழுக்கப் போய்விட்டதாம். என் பெயர் போட்ட கணக்கு வழியாக. அந்த மனிதர் என் பெயரைச் சொல்லித்தானே சபித்திருப்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. நேரே ஏரிக்கரைக் கோவிலுக்கு வந்தேன். உங்களில் சிலர் அங்கே விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். எப்போ வந்தே என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் உள்ளே போனதற்கு இப்போது மன்னித்துவிடுங்கள்.

நான் பக்தியோடு வேண்டவில்லை. சண்டை போட்டேன். சின்ன வயதிலிருந்து உனக்குக் கூழ் ஊற்றினேனே, அங்கே பாலைவனத்திலும் உன் படத்துக்கு விளக்கேற்றாமல் வேலைக்குப் போனதில்லையே, என் தலையில் ஏன் இதைக் கட்டினாய் என்று கேட்டேன். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அவனுக்குத் தண்டனை கொடு என்று கேட்கவில்லை. நான் செய்யவில்லை என்று என் வீட்டிலிருந்து ஒரு வாய் சொல்லட்டும். ஒரே ஒரு வாய்." நெற்றியைத் தரையில் வைத்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் சுமதி அண்ணி ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தார். என் அம்மா கூட்டிவரச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

"வண்டில ஏறு மல்லிகா. தாம்பரத்துக்குப் போலாம்."

"எதுக்கு அண்ணி?"

"போலீஸ்கிட்ட. நான் சொல்றேன், நடந்தத."

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ சொல்லித்தான் செய்றதா எங்கிட்ட சொன்னாரு. வெளிநாட்ல உனக்கு வேற வரும்படி, அத இந்த வழியா அனுப்பறேன்னு. நான் நம்பிட்டேன். உன்ன மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? நேத்து அத்தை உன்கிட்ட பேசினத சமையக்கட்டுல நின்னு கேட்டேன். அப்பத்தான் தெரிஞ்சுது. ராத்திரி ஃபுல்லா அவருக்கு போன் பண்ணேன். எடுக்கல."

"அண்ணி, உங்க வீட்டுக்காரரு. பசங்க இருக்காங்க."

"இருக்காங்க. நாளைக்கு எம் பொண்ணு பேர்லயும் அவர் ஒரு கணக்கு தொறப்பாரு. ஏறு."

ஏறினேன். செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போய்ச் சேரும்வரை அண்ணியின் தோளில் கை வைத்திருந்தேன்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். கார்டு யார் கையில் போனது, அந்தச் சினேகிதன் எத்தனை முறை வீட்டுக்கு வந்தான், என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எழுதிக்கொண்ட பெண் காவலர் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு அண்ணிக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்த வாக்குமூலத்தை, வழக்குப் போட்ட வேறு மாநிலப் போலீஸுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் ரவியும் தானே வந்து சரணடைந்தான். அவனைக் கொண்டு அந்தச் சினேகிதனையும் பிடித்தார்கள். கணக்கில் மிஞ்சி முடங்கிக் கிடந்த தொகை, பறிகொடுத்தவர்களுக்கே திரும்பிப் போக கோர்ட் உத்தரவு போட்டது. முழுவதும் இல்லை. அந்த வாத்தியாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. தை மாதம் என் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. விசாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய கணக்கை மூடிவிட்டு, எல்லா வேலையையும் நானே செய்து புதிதாக ஒன்று தொடங்கினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முடியாத வேலை இல்லை. இத்தனை வருஷம் யாரோ செய்து தர வேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொன்னால் அம்மன் சந்நிதியில் பொய் சொன்னவள் ஆவேன். ரவி ஜாமீனில் வந்துவிட்டான். என்னோடு பேசுவதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. என் அம்மா நான் போன் செய்தால் எடுக்கிறார், உம் கொட்டுகிறார், வைத்துவிடுகிறார். மகனைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான் என்பது அவர் கணக்கு. சில நாள் டியூட்டி முடிந்து படுக்கும்போது அந்தக் கேள்வி காதில் விழும். உனக்குன்னு யார் கீறாங்க. அந்தக் காயம் ஆறவில்லை. ஆற்று என்று அம்மனிடம் இன்னும் நான் கேட்கவும் இல்லை.

ஆனால் என் வாழ்க்கை மாறிவிட்டது. அண்ணி இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறார். வாரம் தவறாமல் பேசுகிறோம். பிள்ளைகள் அத்தை என்று கத்திக்கொண்டே போனைப் பிடுங்குவார்கள். முகம் தெரியாத அந்த வாத்தியாருக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா, தங்கைகளே, சொந்த ரத்தம் கைவிட்ட யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாயிடம் போங்கள். அழத் தெரியாவிட்டால் சண்டை போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் என் வீட்டிலிருந்து ஒரு வாய் கேட்டேன். இத்தனை வருஷம் நான் சொந்தமாக நினைக்காத ஒருத்தியின் வாயைத் திறந்து அவள் பேசினாள். உங்களுக்காக யாரை அனுப்புவாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அனுப்புவாள் என்பது எனக்குத் தெரியும்.