போட்டோவில் மிஞ்சிய கை

எழுபதுகளில் எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் நாடகக் குழுவில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் ஆண்கள், ஆண்களையே நேசித்தவர்கள். எங்கள் நாடகத்தில் ராஜா, சேலை கட்டிய தன் தோழனை, "இவன் ஆண், என்னவன்" என்று சபையறியச் சொல்லி மணந்துகொள்வான். அதற்காகக் கல்லடியும் பட்டிருக்கிறோம். ராஜா சென்னியப்பன். தோழன் நான். மேடையை விட்டு இறங்கினாலும் நாங்கள் அப்படித்தான்.

குழு கலைந்ததும் எங்கள் கதையை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஏழு பேரும் வேஷத்தோடு எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ சென்னியப்பனிடம் இருந்தது. அதைக் கேட்டு வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

போட்டோ கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. அதில் ராஜா மட்டும்தான் இருந்தான். எங்கள் ஆறு பேரையும் கத்தரித்து எறிந்திருந்தான். அவன் தோளைப் பிடித்திருந்த என் வளையல் கையை மட்டும் வெட்ட வழியில்லாமல் விட்டிருந்தான்.

காப்பி கொண்டுவந்த அவன் மனைவி, நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"ஏனுங்ணா, அந்தக் கை யாருதுன்னு கேட்டா இவுங்க சொல்லவே மாட்டேங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

சென்னியப்பன் என் முகத்தைப் பார்க்காமலே முந்திக்கொண்டான். "அட, கூட நடிச்ச பொம்பள யாரோ. இப்ப எங்க இருக்காளோ."

சூடான டம்ளரை அவன் மேலேயே வீசலாமா என்றிருந்தது. அந்தப் பெண்ணோ இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குந் தெரியாதுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து, அவன் செய்த துரோகத்தை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். நான் சொன்ன அந்த ஒரு வரியை இன்றுதான் எழுதுகிறேன்.