சித்தி தைத்த சாக்கு

கிழிந்தது எதுவாக இருந்தாலும் என் சித்தி தைத்துவிடுவாள். ஓசோன் படலத்தில் ஓட்டை என்று விஞ்ஞானிகள் வீணாகப் புலம்புகிறார்கள். ஓர் ஏணியும் நீல நூலும் கொடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்பாள்.

சலவைக்கடையின் பின்னறையில், இஸ்திரி ஆவிக்கு நடுவே, பதினெட்டு வருடமாக இழை ஓட்டுகிறாள். கோட்டில் சிகரெட் சுட்ட ஓட்டையா? அதே கோட்டின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, இழைக்கு இழை கோத்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் செய்துவிடுவாள். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்குக் கும்பிடு போட்டபோது வீட்டில் ஆளாளுக்கு அர்ச்சனை நடத்தினார்கள். சித்தி மட்டும் தன் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருடி. வாயை மட்டும் கொஞ்சம் தச்சுக்கோ" என்றாள்.

போன வருடம் நூலகர் அக்கா ஒரு துணிப் பரிமாற்றம் ஆரம்பித்தார். கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். அவர்களையும் எங்களையும் ஒரே வெள்ளைக்காரக் கொடிதான் ஆண்டதாம். அந்தக் காலத்தைப் பற்றி இங்கே பத்துப் பேர், அங்கே பத்துப் பேர் துணியில் ஏதாவது செய்து மாற்றிக்கொள்ள வேண்டும். சித்தியின் கொள்ளுத்தாத்தா துறைமுகக் கிடங்கில் மூட்டை தைத்தவர். கோணி ஊசி பிடித்த அவர் கையைச் சித்தி துணியில் படமாகத் தைத்து அனுப்பினாள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அவள் தைத்த முதல் தையல் அதுதான்.

பதிலுக்கு, பஸ் ஓட்டும் ஓர் அம்மாவிடமிருந்து பழைய கோணிச் சாக்கு ஒன்று வந்தது. அதில் ஒரு கம்பெனி முத்திரை, முத்திரைக்குக் குறுக்கே ஒரு முழக் கிழிசல். கூட வந்த கடிதம் மொழிபெயர்க்கப் போயிருந்தது. சித்தி பார்ப்பதற்குள், யாரோ ஒரு புத்திசாலி கடையின் மஞ்சள் சீட்டில் 'அவசரம், ஐந்து மணி' என்று எழுதிச் சாக்கில் குத்தி, பழுதுக் கூடையில் போட்டுவிட்டது. யார் என்பது இன்றுவரை துப்புத் துலங்காத மர்மம்.

"சாக்குல கூட கோட்டு தைக்கிறாங்க போல" என்று சித்தி ஊசியை எடுத்தாள். நான் டீ வாங்கிக்கொண்டு, வழியில் கொஞ்சம் அரட்டையும் அடித்துவிட்டுத் திரும்பியபோது கிழிசலைக் காணோம்.

மறுநாள் கடிதத்தோடு வந்த நூலகர் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஊர் பட்டினி கிடக்கையில் தானியம் கப்பலேறியபோது, பஸ் அம்மாவின் கொள்ளுப்பாட்டி அரிவாளால் கிழித்த சாக்கு அது.

"அந்தக் கிழிசலைத்தானே அனுப்பியிருக்காங்க! என்னக்கா பண்ணிட்டீங்க?"

"தப்பு என்னுதுதாம்மா. கேக்காம கை வச்சுட்டேன். அவங்ககிட்ட நானே சொல்றேன். வேணாம்னு சொன்னா என் துணியையும் திருப்பி வாங்கிடுங்க."

சீட்டைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. நானும் முக்காலியில் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடியோ அழைப்பில் பஸ் அம்மா சீருடையோடு வந்தார். அவர் சொன்னதை நூலகர் அக்கா எங்களுக்குச் சொன்னார். சித்தி சாக்கைத் தூக்கிப் பிடித்தாள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டித் தேடு தேடென்று தேடினார்.

"கிழிசல் எங்க?"

சித்தி சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் ஒரு சிரிப்பு.

"எங்க கிழவி கிழிச்சதை உங்க தாத்தா அன்னைக்கும் தச்சிருப்பாரு. இன்னைக்கு நீங்களா?"

"அவருக்கு வேற வழியில்லம்மா. எனக்கு இருக்கு. பிரிச்சுடறேன்."

"பாதி பிரிங்க, போதும். ரெண்டு பேரும் தெரியட்டும்."

சித்தி கைகூப்பினாள். போன் அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

இப்போது கண்காட்சியில் சாக்கு பாதி வாயைத் திறந்து, பாதி மூடித் தொங்குகிறது. கையேட்டுக்குச் சித்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் நூலகர் அக்கா. அந்தப் புத்திசாலி யாராக இருந்தாலும் சித்திக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று முடித்து, அவளிடமே படிக்கக் கொடுத்தேன்.

படித்தாள். ஊசி டப்பாவின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதில் இரண்டு குண்டூசிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன.

"ஊரே சீட்டுக்கு ஒரு ஊசிதான் குத்தும். பெருக்கல் குறி போடறவ இந்தக் கடையில யாருடி? இதையும் சேத்து எழுது."