கொப்பளிப்பான் போடாத மூன்று கிழமை

கொக்குவிலில் நாங்கள் இருந்தபோது என் மனுசனுக்குக் கொப்பளிப்பான் என்ற அம்மை போட்டது. எனக்கோ வயிற்றில் முதல் பிள்ளை, எட்டாம் மாதம். வாசல் படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. அந்த வருத்தம் முன்பே வந்தவர்தான் ஆளைப் பார்க்கலாம் என்பது எங்கள் வழக்கம்.

"பிள்ளை, உனக்கு முந்தி வந்ததோ?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி, சின்னனிலை வந்தது."

சுத்தப் பொய். வந்ததோ இல்லையோ, எனக்கே தெரியாது. 'இல்லை' என்றால் முந்தி அது வந்த அவருடைய மச்சாளை, மாமன் மகளை, கூப்பிடுவார்கள். அவர் வந்து என் மனுசனுக்கு வேப்பிலையால் தடவுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பதா? அப்படியொரு எரிச்சல் பிடித்தவள் நான்.

மூன்றாம் நாள் டொக்டரிடம் போய் உண்மையைச் சொன்னபோது வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உமக்கென்ன விசரே, ரீச்சர்? பிள்ளை பிறக்கிற நேரத்திலை உமக்குப் போட்டால் பிள்ளையின்ரை உயிருக்கே ஆபத்து!"

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. நான் விலங்கியல் ரீச்சர் வேறு! 'ஒருமுறை கண்ட கிருமியை இரத்தத்திலுள்ள ஞாபகக் கலங்கள் மறவா. திரும்ப வந்தால் உடனே அதை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் பெருகும்' என்று பலகையில் படம் கீறிப் படிப்பித்தவள். அந்தக் கலங்கள் என்னிடம் இருக்கின்றனவா? கேட்பதற்கு அம்மா இல்லை. எனக்கு நாலு வயதிலேயே போய்விட்டார். ஐயா அச்சுவேலியில், சண்டையால் பாதையோ பூட்டு.

மூன்று கிழமை, விடிந்ததும் கண்ணாடி முன் நின்று உடம்பைத் தேடினேன். ஒருநாள் தோளில் சிவப்பாக ஒன்று. கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் போனேன். பார்த்தால், நாசமாய்ப் போன நுளம்புக் கடி.

ஒன்றுமே போடவில்லை. பாதை திறந்ததும் ஐயா ஓடிவந்தார். முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன்.

"உனக்கு மூண்டு வயசிலை வந்தது, பிள்ளை. கண் இமை கூட மிச்சமில்லை. தப்பமாட்டாய் எண்டுதான் நினைச்சம். கொம்மா பத்து நாள் கண் மூடேல்லை."

கடவுளே! இருபத்தைந்து வருடம் எனக்குத் தெரியாமல் என் உடம்பு அதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறது. நான் மனுசனுக்குப் பக்கத்தில் இருந்த நாளெல்லாம் உள்ளே ஒரு படை எழும்பி, சத்தமில்லாமல் சண்டை பிடித்து முடித்திருக்கிறது. எனக்கு ஒரு தலையிடி கூட இல்லை.

பிள்ளை சுகமாகப் பிறந்தான். "உம்மடை இரத்தத்திலை இருந்த எதிர்ப்பு பிள்ளைக்கும் போயிருக்கும். கொஞ்ச மாதத்துக்குக் காக்கும்" என்றார் டொக்டர்.

நானே படிப்பித்த பாடம்தான். ஆனாலும் பிள்ளையை இன்னும் கிட்ட அணைத்துக்கொண்டேன். எனக்கு முகமே ஞாபகமில்லாத அம்மா, விடிய விடிய முழித்திருந்து என்னை மீட்டெடுத்த அந்த வருத்தம்தான் இப்போது என் பிள்ளைக்குக் காவல்.