மின்விசிறி ஓடும் வகுப்பு

சாயல்குடிப் பக்கத்துப் பள்ளியில் மாரிச்செல்வி அறிவியல் ஆசிரியை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குக் காது மந்தமானது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டார். கூப்பிட்டாலும் திரும்பாததால், தலைக்கனம் பிடித்தவர் என்று சக ஆசிரியர்கள் ஒதுங்கிப்போனார்கள். காதுக் கருவி மாட்டிப் பார்த்தார். வகுப்பில் பிள்ளைகளின் குரலைவிட மின்விசிறியின் இரைச்சலே பெரிதாகக் கேட்டது. கடைசியில் தலைமையாசிரியர் ஹமீது சுல்தானிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? ஃபேனை நிப்பாட்டிட்டுப் பாடம் நடத்துங்க" என்றார் அவர்.

மறுநாள் ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்டது. ஆனால் பங்குனி வெக்கையில் பிள்ளைகளின் சட்டைகள் நனைந்துகொண்டிருந்தன.

"ரொம்பப் புழுங்குதாம்மா?" என்று முன்வரிசைச் சிறுமியிடம் கேட்டார்.

"இல்ல டீச்சர், நீங்க நடத்துங்க" என்றாள் அவள், நெற்றியைத் துடைத்தபடி.

மாரிச்செல்வி போய் விசிறியைப் போட்டார். அதன்பின் பிள்ளைகளின் வாயசைவு மட்டுமே அவருக்குத் தெரிந்தது.