முளை அடிக்காத துணி

தனு, பவி, என் பிள்ளைகளே,

நம் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் ஹெலிகாப்டர் விழுந்ததற்குக் காற்று காரணம் என்பார்கள், பனிமூட்டம் என்பார்கள். காரணம் உங்கள் அப்பா. அதையும், மாரியம்மன் நம்மைக் கைவிடாததையும் நானே எழுதிவைக்கிறேன்.

அந்தப் பெருமழையின்போது நீங்கள் அட்டனில் அத்தை வீட்டில் இருந்தீர்கள். இங்கே மண் சரிந்து, நம் லயத்து வரிசை வீட்டின் சுவர் உங்கள் அம்மாவின் காலில் விழுந்தது. தோண்டித்தான் எடுத்தோம். ஆஸ்பத்திரிக்கு டயகம வழியாகப் போகும் பாதை மூன்று இடத்தில் உடைந்து கிடந்தது. இரண்டாம் நாள் கால் கறுத்தது. காய்ச்சல் வேகத்தில் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, ஹெலிகாப்டர் வருவதாகச் செய்தி வந்தது. மேலிருந்து தெரிகிற மாதிரி வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னார்கள். வீட்டுத் துணியெல்லாம் சேறு. கோவிலில் ஆத்தாளுக்கு மேலே கட்டும் விதானத் துணி மட்டும் வெள்ளையாக இருந்தது. அதை எடுத்துவந்து விரித்தேன்.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா நாலு முளைக்குச்சியோடு வந்தார். "முத்தையா, நாலு மூலையிலயும் குத்தி அடிச்சிடு. அது இறங்கும்போது காத்து பேயா அடிக்கும்."

"ஆத்தா துணிங்க ஐயா. அதுல எப்படிங்க குத்துறது? கல்லு வைக்கிறேன்."

"கல்லு நிக்குமாய்யா?"

"ஆத்தா பாத்துக்குவா ஐயா."

ஹெலிகாப்டர் கூரை உயரத்துக்கு இறங்கியது. காற்று எங்களையே பின்னால் தள்ளியது. ஒரு கல் உருண்டது. துணி எழும்பியது. நான் ஓடினேன், எட்டவில்லை. அது வாலில் இருந்த விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது. ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்ந்து விழுந்தது.

எண்ணெய் வாடை. உள்ளே அசைவே இல்லை. என் பின்னால் பலகையில் அம்மா முனகிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவளுக்காக மட்டும் வேண்டியவன், அந்தச் சேற்றில் முட்டி போட்டு, "தாயே, என் புத்தியீனத்துக்கு உள்ள இருக்குற பிள்ளைகள எடுத்துராத" என்று கதறினேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

கதவு உள்ளிருந்து உதைபட்டுத் திறந்தது. ஒருவர் ஊர்ந்து வந்தார். பிறகு இன்னொருவர். கடைசியாக, கை தொங்கியபடி பைலட்.

இரண்டாவதாக வந்தவர் தோளில் மருந்துப் பை இருந்தது. தன் நெற்றி ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அம்மாவுக்கு ஊசி போட்டார். பைலட் ரேடியோவில் பேசி, மண்சரிவுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸை வரவழைத்தார். விழுந்த ஹெலிகாப்டரிலிருந்த ஸ்ட்ரெச்சரில் அம்மாவைத் தூக்கிச் சரிவைக் கடந்தோம். சாயங்காலம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்தோம். "அரை நாள் பிந்தியிருந்தா காலை வெட்டி எடுத்திருப்போம்" என்றார் டாக்டர்.

விசாரணைக்கு வந்தவர்கள், துணியை விரித்தது யார் என்று கேட்டார்கள். "தெரியாதுன்னு சொல்லிரு" என்று பக்கத்து வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள். வெகுநாள் ஜீப் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து நிற்பேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை.

அம்மாவிடம் துணியின் கதையைச் சொன்னபோது, கட்டுப்போட்ட காலோடு சிரித்தாள். "திருவிழாவுக்குத் திருவிழா கன்னத்துல அலகு குத்திக்கிறீங்க. துணியில ஒரு குச்சி குத்தப் பயமா ஒங்களுக்கு?"

பிள்ளைகளே, பயம் வரும்போது அவளைக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவாள். ஆனால் நம் கை செய்யவேண்டியதை அவள் தலையில் போட்டுவிட்டுக் கூப்பிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். அப்படியும் வந்தாள்.

கோவிலுக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்த அன்று, எல்லோரும் போனபின் நான் மட்டும் உள்ளே இருந்தேன். கோணி ஊசியால் ஒரு மூலையில் ஓட்டை போட்டேன். நிமிர்ந்து ஆத்தாள் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. மற்ற மூன்று மூலையிலும் போட்டு, இனி எங்கே விரித்தாலும் முளையில் கட்டுவதற்கு நான்கிலும் கயிறு கோர்த்து முடிந்தேன்.